செக்கிங் என்றால் என்ன அர்த்தம்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். வாசலில் பெண்களைச் செக் பண்ணும் வேலைக்குப் புதிதாக மூன்று பேரைச் சேர்த்திருக்கிறார்களாம். உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கூவுகிற மெஷின் ஒன்றும் வாங்கியிருக்கிறார்களாம். நான் வந்து அந்தப் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்றார்கள். போனேன். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அதில் ஒருத்தி, காலேஜ் படித்த பிள்ளை, கேட்டாள்: "எல்லாரும் செக்கிங் செக்கிங்னுதான் சொல்றோம். அதுக்குச் சரியான அர்த்தம் என்னக்கா?"

சோதனை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் சோதனை என்றால் வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, வீட்டுக்காரன் குடியை விடவில்லை என்றால் 'ஆத்தா சோதிக்கிறா' என்று சொல்லி இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடப்போம். அந்த வாசலில் அத்தனை வருசம் நின்ற என்னை யாரும் சோதனைக்காரி என்று கூப்பிட்டதில்லை. செக்கிங் அக்கா என்பார்கள். பாக்கியம் என்ற பேர் ரேஷன் கடைக்காரருக்குத்தான் தெரியும். அந்த வார்த்தைக்கு எங்கள் மேனேஜர் ஒருநாள் ஓர் அர்த்தம் சொன்னார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டே சொல்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனி. எங்கள் அய்யாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை பொய்த்துப் பொய்த்து, எங்கள் தலைமுறை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வந்துவிட்டது. நான் திரி வெட்டும் ரூமில் இருந்தேன். ஒரு கோடையில் எங்கிருந்தோ தெறித்த ஒரு பொறி என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வாரிக்கொண்டு போனது. ஆறி வந்த பிறகு, வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் கால் வைக்க முடியவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று சொல்லப் போனபோதுதான் அப்போது புதிதாக வந்திருந்த மேனேஜர் தர்மராஜ் சார் சொன்னார்: "தீயைப் பத்தி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்மா. வாசல்ல நில்லுங்க." இரண்டு வாரம் பழைய செக்கிங் அம்மா கூட நின்று பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

தர்மராஜ் சார் சாத்தூர்க்காரர். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சங்கு ஊதுவதற்கு முன்னால் வந்து, ஆண்கள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் செக்கிங் ஆள் முன்னால் இரண்டு கையையும் தூக்குவார். "மேனேஜருக்கு எதுக்கு சார்?" என்று ஒரு லோடுமேன் கேட்டான். "நான் மேனேஜர்னு தீப்பெட்டிக்குத் தெரியுமாப்பா?" என்றார். அதற்குப் பிறகு எவனும் வரிசையில் முணுமுணுத்ததில்லை.

பெண்களுக்கு வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை. பச்சைத் திரை. ஒருத்தர் போனபின் ஒருத்தர். முதலில் பை. செல்போனை வெளியே பெட்டியில் போட வேண்டும். பிறகு கொண்டை, ஊசி, கிளிப் எதுவும் இருக்கக்கூடாது. அப்புறம் கையைத் தூக்கச் சொல்லி, கழுத்திலிருந்து அக்குள், விலா, இடுப்பு மடிப்பு, கொசுவம் வரை ஒரே ஓட்டமாகத் தடவி இறங்க வேண்டும். உள்ளங்கையால்தான், விரல் நுனியால் இல்லை. விரல் நுனி பட்டால் கிழங்கைக் குத்திப் பார்க்கிற மாதிரி இருக்கும் அவர்களுக்கு. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்கக்கூடாது. என்ன குழம்பு, தண்ணி வந்துச்சா, மகன் பாஸாயிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அவர்களுக்குக் கூச்சம் தெரியாது.

அந்த வாசலில் நின்றால் கைக்கு என்னென்னமோ தெரிய வரும். யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அவள் மாமியாருக்கு முந்தி எனக்குத் தெரியும். யார் முதுகில் புதுத் தழும்பு என்று தெரியும். அதையெல்லாம் கை தெரிந்துகொள்ளும், வாய் சொல்லாது. தர்மராஜ் சார் முதல் நாளே சொல்லியிருந்தார்: "கொண்டுவரக் கூடாத சாமான் என்னென்னன்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கு. அதுல இல்லாதது எதுவும் நம்ம விசயம் இல்லம்மா."

ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள், ஒரு அம்மா விடிய விடிய இருக்கன்குடியிலிருந்து நடந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வேலைக்கு வந்துவிட்டது. முந்தியில் முடிச்சு. தொட்டதும் அவிழ்த்துப் பார்த்தேன். திருநீறு, எலுமிச்சம்பழம், கூடவே சூடம் கொளுத்திய தீப்பெட்டி. வரிசையில் நின்றவர்கள் கத்திவிட்டார்கள். அந்த அம்மா அங்கனயே உட்கார்ந்து அழுதது. சார் வந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்ப் போட்டுவிட்டு வந்தார். திருநீறைக் கையில் ஏந்தி நின்று, "எனக்குக் கொஞ்சம் பூசி விடுங்கம்மா" என்றார். பிறகு, "வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு நாளைக்கு வாங்க. தூக்கக் கலக்கம் தீப்பெட்டியை விட மோசம்" என்று சொல்லி அனுப்பினார். அவர் கீழே வேலை பார்த்ததால்தான் நானும் அந்த வேலையைக் கடுகடுவென்று பார்க்காமல் இருந்தேன்.

பேச்சியம்மாள் ஆனைக்குட்டத்திலிருந்து வருவாள். பட்டாசுச் சரம் பின்னுகிறவள். அவள் கை வேகத்தை மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். வீட்டுக்காரர் லாரியில் போனவர், திரும்பவில்லை. ஒரே மகள் செல்வி, அப்போது பிளஸ் டூ. பேச்சிக்கு வாய்த் துடுக்கு ஜாஸ்தி. "எக்கா, கிச்சு கிச்சு மூட்டாதீக" என்று சொல்லித்தான் தினமும் கையைத் தூக்குவாள்.

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில், அவள் இடது அக்குளுக்குக் கீழே, மார்பு தொடங்குகிற இடத்தில், என் உள்ளங்கைக்கு ஏதோ தட்டியது. கொண்டைக்கடலை அளவு. துணியில் எதையோ முடிந்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுபடி தொட்டேன். துணியில் இல்லை, சதைக்குள் இருந்தது. அவள் வெடுக்கென்று கையை இறக்கினாள்.

"நெறி கட்டிருக்குக்கா. பின்னிப் பின்னிக் கை வலி."

சரி என்று விட்டேன். நெறி கட்டினால் நாலைந்து நாளில் வாடும். இது வாடவில்லை. அவளும் கையைத் தூக்குகிற விதத்தை மாற்றிக்கொண்டாள். வலது கையை மேலே தூக்குவாள்; இடது கையைக் கொஞ்சமாக விலக்கிவிட்டு, "போதும்க்கா, பின்னாடி கூட்டம் நிக்கி" என்பாள். கிச்சு கிச்சுப் பேச்சும் நின்றுபோனது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் திரைக்குள் வைத்து மெதுவாகச் சொன்னேன். "பேச்சி, விருதுநகர் பெரியாஸ்பத்திரில பொம்பளை டாக்டர் இருக்காக. ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வா."

"தீபாவளி முடியட்டும்க்கா."

"நானும் வாரேன் தாயி."

முகம் மாறிவிட்டது அவளுக்கு. "உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம்? பீடி இருக்கா, தீப்பெட்டி இருக்கான்னு பாருங்க. என் உடம்புல என்ன இருக்குன்னு போர்டுல எழுதியா போட்டிருக்கு?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. வீட்டுக்குப் போனாலும் அந்த உள்ளங்கை மட்டும் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி இருந்தது. சோறு பிசையும்போது அந்தக் கடலை உருண்டது. அவளுடைய அம்மாவும் இப்படித்தான் கட்டி வந்து, வெளியே சொல்லாமலே இருந்து செத்துப்போனாள் என்று அவள் ஊர்க்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். அன்றைக்கு நான் முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் திரைக்குள் வந்ததும், "இன்னைக்கு உன்னைய உள்ள விட மாட்டேன் பேச்சி" என்றேன்.

சிரித்தாள் முதலில். நான் வழியை விடவில்லை என்றதும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து சத்தம் போட ஆரம்பித்தாள். வரிசை நின்றுபோனது. ஆண்கள் பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். "ஏலே, என்னலே அங்கன தகராறு?" என்று யாரோ ஒருத்தன் கேட்டான். தர்மராஜ் சார் வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பேச்சியம்மாளை இன்னைக்கு உள்ள விட முடியாது சார்."

"என்ன இருந்துச்சு?"

இரண்டு வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் நான் என்ன சொல்ல?

"அதைச் சொல்ல முடியாது சார்."

"போர்டுல இருக்கிற சாமானா?"

"இல்ல சார்."

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க" என்றாள் பேச்சி. "ஒண்ணுமே இல்லாம நிப்பாட்டி வச்சிருக்காக. சீசன் நேரத்துல எம் பொழப்பக் கெடுக்காக."

சார் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வலது கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். இடது கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள். அவர் அந்தக் கையைத்தான் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பேச்சியம்மா, அக்கா உங்களை எங்கேயாவது போகச் சொன்னாங்களா?"

அவள் வீசிய கையை இறக்கினாள்.

"போயிட்டு வாங்க. உங்க எடத்துல வேற ஆள் போட மாட்டேன்." என் பக்கம் திரும்பி, "நீங்களும் கூடப் போங்கம்மா. வாசலைக் கேன்டீன் அம்மாவப் பாத்துக்கச் சொல்றேன்" என்றார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

விருதுநகர் பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில். ஆஸ்பத்திரியிலும் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். பேர் கூப்பிட்டதும் தனியாக எழுந்து போனாள். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, "கூட வந்தது யாரு? அந்த அம்மா கையவே தூக்க மாட்டேங்குது" என்றாள்.

உள்ளே போனேன். பேச்சி கட்டிலில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எக்கா," என்றாள் பேச்சி. பஸ் ஏறியதிலிருந்து என்னோடு பேசிய முதல் வார்த்தை. "நீங்களே முதல்ல தொட்டுக் காட்டுங்க. அப்புறம் அவுக தொடட்டும்."

"கையத் தூக்குத்தா" என்றேன். தூக்கினாள். தினமும் வைக்கிற மாதிரி உள்ளங்கையை வைத்தேன். "என்ன குழம்பு வச்ச இன்னைக்கு?" என்று கேட்டேன். பழக்க தோசம். "புளிக்குழம்பு" என்றாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் கையை எடுக்காமல் கொஞ்சம் நகர்த்தினேன். அந்த இடத்தில் டாக்டரம்மா கை வந்தது.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் என்றார்கள். இப்போதே வந்தது நல்லது, ஆபரேஷன் பண்ணி மருந்து ஏற்றினால் தேறலாம் என்றார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவுக்கு அலையவில்லை. ஆனால் பேச்சி காதில் 'தேறலாம்' விழவில்லை. முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. மதுரை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க தொடாம இருந்திருந்தா நான் நல்லாத்தானக்கா இருந்திருப்பேன்?"

ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செல்விதான் என்னோடு பேசுவாள். "அம்மா இப்படித்தான் பெரியம்மா இருக்கு, நீங்க வராம இருந்துறாதீக" என்று அந்தப் பிள்ளை பஸ் ஏற்றிவிட வந்து சொல்லும்.

கம்பெனியிலும் ஒன்றும் ஓடவில்லை எனக்கு. யாராவது கையைத் தூக்கினால் பயமாக இருந்தது. வேறு என்ன தட்டுமோ என்று என் கையைப் பட்டும் படாமலும் வைத்தேன். அப்படிப் பார்க்கிற செக்கிங்கில் யானையே உள்ளே போய்விடும். வாசலை விட்டுவிடலாம் என்று ஒரு மத்தியானம் சாரைத் தேடிப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் அவரும் கணக்குப்பிள்ளையும் வேப்பமரத்தடியில் செஸ் ஆடுவார்கள். நான் போன நேரம், "செக்" என்று ஒரு காயை நகர்த்தி வைத்தார் சார்.

"என்னை வேற வேலைக்கு மாத்தி விட்டுருங்க சார்."

"ஏம்மா?"

பேச்சி பஸ் ஸ்டாண்டில் சொன்னதைச் சொன்னேன். எல்லாருக்கும் அதற்குள் விசயம் தெரியும். கணக்குப்பிள்ளை உச்சுக் கொட்டினார். சார் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க வேலைக்கு ஏன் செக்கிங்னு பேருன்னு தெரியுமாம்மா?" என்றார்.

"இங்கிலீசு வார்த்தை சார்."

"இங்கிலீசே இல்லம்மா அது. இந்தாங்க, இதுதான் ராஜா. மத்த காயெல்லாம் சொல்லாமக் கொள்ளாம வெட்டலாம். ராஜாவுக்கு ஆபத்துன்னா மட்டும் வாய் திறந்து செக்குன்னு சொல்லணும். ராஜாவுக்குப் பாரசீகத்துல ஷான்னு பேரு. ஷான்னு குரல் குடுத்தா, ராஜாவே, பாத்துக்கோங்கன்னு அர்த்தம். அந்த ஷாதான் அரபிக்காரங்க வாய்ல போயி, பிரெஞ்சுக்காரங்க வாய்ல போயி, வெள்ளைக்காரங்ககிட்ட வந்து செக்குன்னு ஆயிருச்சு. ராஜாவை நிறுத்தின வார்த்தை, அப்புறம் எதை நிறுத்துறதுக்கும் வந்துச்சு. நிறுத்திப் பாக்குறதுக்கும் வந்துச்சு. நீங்க கட்டம் போட்ட சேலையைச் செக்குச் சேலைன்னு சொல்றீங்களே, அதுவும் இந்தப் பலகைல பொறந்ததுதான்."

"பேங்க்ல குடுக்கிற செக்கு?"

"அதுவும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"செக்குன்னா ராஜா செத்துட்டாருன்னு இல்லம்மா. நகர்றதுக்கு இன்னும் எடம் இருக்கு, சீக்கிரம் நகருங்கன்னு சொல்றது. நீங்க அதைத்தான் சொன்னீங்க."

கணக்குப்பிள்ளை சும்மா இருக்காமல், "ஆனா அதைச் சொல்றது எதிராளிதான சார்?" என்றார்.

"ஆமா" என்றார் தர்மராஜ் சார். "அதனாலதான் கேக்குறவங்களுக்குக் கோவம் வருது. கொஞ்ச நாள் ஆகும்."

நான் வாசலுக்குத் திரும்பினேன். மத்தியானம் வந்த முதல் ஆளிடம் உள்ளங்கையை முழுதாக வைத்துப் பார்த்தேன்.

அந்தத் தீபாவளி போய், அடுத்த தீபாவளியும் போனது. பேச்சிக்கு முடி கொட்டி, மறுபடி குருத்து மாதிரி முளைத்தது. செல்வி நர்சிங் சேர்ந்தாள். கார்த்திகை முடிந்த ஒரு காலையில், வரிசையில் ஆறேழு பேருக்குப் பின்னால் பேச்சி நிற்பதைப் பார்த்தேன். சரம் பின்ன முடியாது இனிமேல். அந்தக் கையில் பாரம் கூடாது, வீங்கும். லேபிள் ஒட்டும் ரூமில் சார் இடம் வைத்திருந்தார்.

திரைக்குள் வந்தாள். நான் பையைப் பார்த்தேன், கொண்டை என்று ஒன்று இல்லை, வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் வரும்போது கை நின்றுவிட்டது. "போத்தா, உள்ள போ" என்றேன்.

அவள் நகரவில்லை. "எல்லாரையும் பாக்குற மாதிரி பாருங்கக்கா" என்றாள். இரண்டு கையையும் தூக்கினாள். இடது கை முழுசாக ஏறவில்லை, தோளுக்குக் கொஞ்சம் மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. உள்ளங்கையை வைத்தேன். ரவிக்கைக்குள் மெத்தென்று ஒரு திண்டு.

"ஆஸ்பத்திரில ஸ்பாஞ்சு குடுத்தாகக்கா. இங்கன அதெல்லாம் ஆகாதுல்ல, நைலான் மாதிரி உரசிப் பொறி கெளப்பும். பழைய சேலையக் கிழிச்சுப் பஞ்சு வச்சு நானே தச்சேன்." என் கையைப் பிடித்து அந்தத் திண்டின் மேல் அழுத்தினாள். "நல்லாப் பாத்துக்கோங்க. பருத்திதான்."

பார்த்தேன். தையல் நெருக்கமாக, நேராக இருந்தது.

"என்ன குழம்புக்கா வச்சீக?" என்று அவளே கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம், கேன்டீன் பக்கம் சத்தமே இல்லை. பெண்கள் உட்காருகிற இடத்தில் சத்தம் இல்லை என்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். போய்க் கதவைத் தள்ளினேன். சாப்பாட்டுத் தூக்குகள் திறக்காமல் கிடந்தன. லேபிள் ரூம், சரம் பின்னுகிற ரூம், பெட்டி போடுகிற ரூம் எல்லாப் பெண்களும் வரிசையாக இடது கையைத் தூக்கி, வலது உள்ளங்கையை முந்திக்குள் விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பேச்சியம்மாள்.

"விரல் நுனியக் குத்தாதீகடி. உள்ளங்கையோட விரலையும் படுக்க வைங்க. மெள்ள, மெள்ள வட்டமா... ஏ மாரி, சிரிக்காத, அடுத்து ஒன்னையத்தான் பாக்கப் போறேன்."

நானும் தூக்கை வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றேன்.

அந்த நேரம் தர்மராஜ் சார் ஏதோ ஆர்டர் விசயமாகக் கேன்டீன் அம்மாவைத் தேடி வந்துவிட்டார். கதவு பாதி திறந்தது. ஒரு நொடிதான். அவர் தலை திரும்பிய வேகத்தில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. எடுக்கக்கூட இல்லை, கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெயிலில் வாசற்படி மேலேயே நின்றுவிட்டார்.

கணக்குப்பிள்ளை டிபன் பாக்ஸோடு வந்தார். "என்ன சார், இங்கன நிக்கிறீங்க?"

"உள்ள செக்கிங் நடக்குது" என்றார் சார். "முடியட்டும்."